செல்போனில் வயது போடுகிறார்கள், டிவியில் ஏன் போடுவதில்லை?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். மகள் வழிப் பேத்திக்கு ஏழு வயது. ராத்திரி பால் ஆற்றிக் கொடுத்தால் டம்ளரை மோந்து மோந்து பார்க்கிறாள், குடிக்க மாட்டேன் என்கிறாள். என்ன சாமி ஆச்சு என்று கேட்டதற்கு, "இதுல எதுவும் கலக்கலீங்களே, அம்மிச்சி?" என்றாள். என் வீட்டுக்காரிக்கு முகமே மாறிவிட்டது. அப்புறம்தான் தெரிந்தது, அரை மணி நேரத்துக்கு முன்னால் ரெண்டு பேரும் உட்கார்ந்து பார்த்த சீரியலில் மருமகள் குடிக்கிற பாலில் மாமியார் விஷம் கலந்திருக்கிறார். பொட்டலத்தைப் பிரிப்பது, கொட்டுவது, கரண்டியால் கலக்குவது என்று அதையே மூன்று தடவை திருப்பித் திருப்பிக் காட்டியிருக்கிறார்கள். பேத்தி இன்னும் பால் குடிப்பதில்லை.

நாங்கள் சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டுகிறவர்கள். எண்பதுகளின் கடைசியில் எங்கள் வளவுக்கே ஒரு டிவிதான், தறிக்கார முதலாளி வீட்டில் இருந்தது. ஆன்டெனாவைக் கொடைக்கானல் பக்கம் திருப்பி வைத்து வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்', ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படம் பார்ப்போம். ஒரு மாதிரியான காட்சி வந்தால் அந்த வீட்டம்மா எழுந்து போய்ச் சத்தத்தைக் குறைப்பார்கள், இல்லாவிட்டால் யாராவது ஒரு பெரியவர் "போய்த் தண்ணி மோந்துட்டு வாடா" என்று எங்களை வெளியே அனுப்பிவிடுவார். அது பொற்காலம் என்று சொல்ல வரவில்லை, பொம்பளைகள் பாதிப் பேர் அடுப்படியிலிருந்து எட்டித்தான் பார்த்தார்கள். ஆனால் எந்தக் குழந்தை எதைப் பார்க்கிறது என்பது அந்த அறையில் இருந்த பெரியவர்களுக்குத் தெரியும். 1993-இல் சன் டிவி வந்தது, கேபிள் வந்தது, 2006-க்கு அப்புறம் அரசாங்கமே இலவச டிவி கொடுத்தது, இப்போது ஆளுக்கொரு போன். மகள் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டு வர எட்டு மணி ஆகிறது, மருமகனுக்கு நைட் ஷிப்ட். பேத்தியோடு இருப்பது அவள் அம்மிச்சியும் டிவியும்தான்.

சரி, விதி என்ன சொல்கிறது என்று பார்த்தேன். சினிமாவுக்குத் தணிக்கை உண்டு. குழந்தைகள் பெரியவர்கள் துணையோடு பார்க்க வேண்டிய 'யு/ஏ' என்பதை 7, 13, 16 என்று வயது வாரியாகப் பிரித்து 2023-இல் சட்டத்தையே திருத்தினார்கள். பெரியவர்களுக்கு மட்டுமான 'ஏ' சான்றிதழ் படத்தை அப்படியே டிவியில் போட முடியாது. இன்டர்நெட்டில் படம், சீரியல் காட்டுகிற ஓடிடிக்கு 2021 முதலே இந்த வயதுக் குறி கட்டாயம், 13-க்கு மேல் என்றால் பெற்றோர் பூட்டுப் போட வசதியும் தர வேண்டும். டிவி சீரியலுக்கு முன்கூட்டித் தணிக்கை கிடையாது. பெரியவர்களுக்கான நிகழ்ச்சி ராத்திரி 11-லிருந்து காலை 5 வரைக்கும்தான் என்று 2011-இல் சேனல்கள் தங்களுக்குள் ஒரு நெறிமுறை வைத்துக்கொண்டன. மற்ற நேரத்தில் வருவதெல்லாம் எல்லாரும் பார்க்கலாம் என்று ஒரே கணக்கு. இதில் எனக்குப் பொறுக்காதது என்னவென்றால், இதே சீரியலைச் சேனலின் செயலியில் திறந்தால் ஓரத்தில் வயது எண் வருகிறது. அதே கதை, அதே நடிகர்கள், அதே பால் டம்ளர். போனில் பார்த்தால் பதின்மூன்று வயது வேண்டும், டிவியில் பார்த்தால் ஏழு வயது போதுமா?

சீரியலை வெட்டச் சொல்லவில்லை, நிறுத்தவும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரிக்குப் பகல் முழுக்க நூல் சுற்றிவிட்டு இருக்கிற ஒரே பொழுதுபோக்கு அதுதான், அதை நான் பிடுங்க மாட்டேன். ஒவ்வொரு சீரியலும் தொடங்கும்போதும், விளம்பரம் முடிந்து திரும்பும்போதும் வயதுக் குறி போடட்டும். அதையும் தமிழில் போடட்டும். 'யு/ஏ' என்று மூலையில் பொடி எழுத்தில் போட்டால் அவளுக்கு என்ன புரியும்? 'விஷம், தற்கொலைக் காட்சி உண்டு, சிறு குழந்தைகள் பார்க்க வேண்டாம்' என்று கட்டிலில் இருந்து பார்த்தாலே தெரிகிற அளவில் எழுதினால் அவள் படித்துவிடுவாள், பேத்தியை என்னிடம் தறிக் குடோனுக்கு அனுப்பிவிடுவாள். காமெடிக்கு நடுவே போடுகிற முன்னோட்டத்துக்கும் இதே விதி வேண்டும். வெட்டு குத்து எல்லாம் அதில்தான் முதலில் வருகிறது.

சேனலுக்கும் புகார் எழுதிப் போட்டிருக்கிறேன். 15 நாளில் பதில் தர வேண்டும் என்று கேபிள் டிவிக்கான 2021 விதியில் இருக்கிறது. வந்தால் உங்களுக்கும் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு விசைத்தறித் தொழிலாளி,
சோமனூர், கோவை மாவட்டம்