ஆளும் மரமும் கடைசி வேலை அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

நகரத் தெருக்களை நீர்வண்ணத்தில் வரைவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கட்டிடக் கோணங்களை அருமையாக விளக்கியிருந்தார்கள். ஆனால், ஆட்களையும் மரங்களையும் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம் என்ற யோசனையை ஏற்க முடியவில்லை. தெருப் படங்கள் பெரும்பாலும் கெடுவதே அங்கேதான்.

தாளில் முதலில் விழவேண்டியது கண்மட்டக் கோடு, அதாவது வரைபவரின் கண் உயரத்தைக் காட்டும் கிடைக்கோடு. சமதளத் தெருவில் நின்று வரைந்தால், நம் உயரமுள்ள எல்லோருடைய கண்களும் அந்தக் கோட்டிலேயே வரும், அவர் பக்கத்தில் இருந்தாலும் தெருக்கோடியில் இருந்தாலும். பாதம்தான் தூரம் போகப் போக மேலேறும். கட்டிடங்களை முடித்துவிட்டு ஆளைச் செருகும்போது, தூரத்து ஆளின் தலை கோட்டுக்குக் கீழே இறங்கிவிடுகிறது. அவர் பள்ளத்தில் நடப்பதுபோல் தெரிகிறார். மாடியிலிருந்து பார்த்தால் கணக்கே வேறு. ஓவியர் பிஸ்ஸாரோ 1897-இல் பாரிஸின் மோன்மார்த்ர் பெருவீதியை விடுதி ஜன்னலிலிருந்து வரைந்த படங்களில், கூட்டம் முழுவதும் கண்மட்டத்துக்குக் கீழேதான் நகர்கிறது.

தலை, உயரத்தில் ஏழில் ஒரு பங்கைத் தாண்டவேண்டாம். இரண்டு கால்களும் ஒரே நீளமாக இருந்தால் ஆள் நிற்பார். ஒன்றைச் சற்றுக் குட்டையாக்குங்கள், நடப்பார்.

மரத்துக்கு ட்யூப் பச்சையை அப்படியே பூசினால் பிளாஸ்டிக் செடிதான். அல்ட்ராமரைன் நீலம், மஞ்சள், துளி பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு போதும். இலை இடுக்கில் தெரியும் வானத்தைத் திறந்த வானத்தைவிடச் சற்று மங்கலாக்குங்கள். இல்லாவிட்டால் பொத்தல் விழுந்த மாதிரி இருக்கும்.

மரத்தடி வெளிச்சப் புள்ளிகளை இலை வடிவத்தில் வரைகிறார்கள். அவை இலைச் சந்துகள் வழியே விழும் சூரியனின் பிம்பங்கள், நீள்வட்டமாகவே இருக்கும். தூரத்தில் வெறும் கீற்றாக ஒடுங்கும். சூரியன் மணிக்கு 15 பாகை நகர்வதால், நிழலின் விளிம்பைத் தொடக்கத்திலேயே பென்சிலால் குறித்துவிட வேண்டும். நீர்வண்ணம் காய்ந்தால் வெளுக்கும் என்பதால் நிழலை ஒரு படி அடர்த்தியாக, ஒரே பூச்சில் முடியுங்கள். பாதி காய்ந்த இடத்தில் ஈரத் தூரிகை பட்டால் காலிஃபிளவர் மாதிரிக் கறை பூத்துவிடும். இதற்குச் சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தடித்த தாள் தேவை. மெல்லிய தாள் நெளிந்து பள்ளங்களில் வண்ணம் தேங்கும்.

மர நிழலுக்குள் நிற்பவருக்குத் தனி நிழல் கிடையாது. அவர் சட்டையும் மங்கி, தோளில் மட்டும் ஒரு வெளிச்சப் புள்ளி விழும். அந்தப் புள்ளிக்கான வெள்ளைத் தாளை முதல் பூச்சிலேயே விட்டுவைத்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்