வாலிபர் கூட்டத்தில் ஏழு கலசங்களை எடுக்கப்போகும் தம்பிக்கு

கர்த்தருக்குள் அன்பான தம்பிக்கு, ஸ்தோத்திரம்.

வெளிப்படுத்தின விசேஷம் 16-ஆம் அதிகாரத்தை எடுக்கப்போவதாகவும், "கொரோனா எந்தக் கலசம்?" என்று யாராவது கேட்டால் என்ன சொல்வதென்றும் எழுதியிருந்தாய். எந்தக் கலசமும் இல்லை. இந்தப் புத்தகத்தில் முத்திரைகள், எக்காளங்கள், தேவகோபம் ஊற்றப்படும் கலசங்கள் என்று ஏழேழாக மூன்று வரிசை நியாயத்தீர்ப்புகள் வருகின்றன. ஏழு கலசங்களில் கொள்ளைநோயே கிடையாது. முதல் கலசத்தில் வருவது பொல்லாத புண். அதுவும் தேவனை எதிர்க்கும் மிருகத்தின் அடையாள முத்திரையைத் தரித்தவர்கள்மேல் மட்டும். நான்காம் முத்திரையில் பட்டயம், பஞ்சத்தோடு சேர்ந்து வரும் 'சாவு' எசேக்கியேல் 14:21 சொல்லும் கொள்ளைநோயை ஒட்டியதுதான். ஆனால் அது முத்திரை, கலசம் அல்ல. கலசங்களுக்கு வெகு முன்னே வருகிறது.

வாலிபர்கள் செய்தித்தாளைத் தேடுமுன் யாத்திராகமம் 7 முதல் 12 வரை திறக்கச் சொல். பலகையின் ஒரு பக்கம் எகிப்தின் பத்து வாதைகள், மறுபக்கம் கலசங்கள். புண்ணுக்கு எதிரே ஆறாம் வாதையான கொப்புளம். இரண்டு, மூன்றாம் கலசங்களின் இரத்தத்துக்கு எதிரே முதல் வாதை. ஐந்தாம் கலசத்தின் இருளுக்கு ஒன்பதாவது, ஏழாம் கலசத்தின் கல்மழைக்கு ஏழாம் வாதையே. கல் ஒவ்வொன்றும் தாலந்து நிறை, அதாவது ஏறக்குறைய 34 கிலோ. ஆறாம் கலசத்தில் தவளைகள் வருகின்றன, ஆனால் நதியிலிருந்து அல்ல: வலுசர்ப்பம், மிருகம், கள்ளத்தீர்க்கதரிசி ஆகிய மூவரின் வாயிலிருந்து வரும் அசுத்த ஆவிகள் அவை. வெட்டுக்கிளியை இங்கே தேடாதே, அது ஐந்தாம் எக்காளத்தில் போய்விட்டது. சுட்டெரிக்கும் சூரியனுக்கும் வற்றிப்போகும் ஐபிராத்து நதிக்கும் பத்து வாதைகளில் ஜோடி இல்லை. இழுத்துப் பொருத்தாதே, வெற்றிடமாகவே விடு.

அடுத்து அளவு. முத்திரையில் காற்பங்கு (6:8), எக்காளங்களில் மூன்றிலொரு பங்கு, கலசங்களில் எல்லையே இல்லை. இரண்டாம் எக்காளத்தில் கடலில் மூன்றிலொரு பங்கு இரத்தமாகிறது. இரண்டாம் கலசத்தில் சமுத்திரத்து உயிர்கள் யாவும் மாண்டுபோகின்றன. முந்தியவை எச்சரிப்பு என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது.

பெரும்பாலான பாடங்கள் பலிபீடத்தை விட்டுவிடுகின்றன. அதை விட்டால் அதிகாரம் முழுவதும் வெறும் கொடுமையாகத்தான் காதில் விழும். 6:9-10-இல் கொல்லப்பட்டவர்களின் ஆத்துமாக்கள் பலிபீடத்தின் கீழிருந்து "எதுவரைக்கும்?" என்று கேட்கிறார்கள். 8:3-5-இல் பரிசுத்தவான்களின் ஜெபங்களோடு தூபம் ஏறிய அதே தூபகலசத்தைத் தூதன் பலிபீடத்து நெருப்பால் நிரப்பிப் பூமியில் கொட்டுகிறான். அதன் பின்தான் எக்காளங்கள் ஊதப்படுகின்றன. 16:6-இல் இரத்தம் சிந்தினவர்களுக்கு இரத்தமே குடிக்கக் கொடுக்கப்படுகிறது. அடுத்த வசனத்தில் பலிபீடத்திலிருந்தே அந்தத் தீர்ப்பு நீதியானது என்ற சத்தம் வருகிறது. இந்த மூன்று இடங்களையும் ஒரே மூச்சில் வாசிக்கச் சொல். பிறகு 9:20, 16:9, 16:11: மனந்திரும்பவில்லை, மனந்திரும்பவில்லை, மனந்திரும்பவில்லை. பார்வோனின் கடினப்பட்ட இருதயம்தான். ஆனால் 11:13-இல் பூமியதிர்ச்சிக்குத் தப்பினவர்கள் தேவனை மகிமைப்படுத்துகிறார்கள், அதையும் மறைக்காதே.

தேதி கேட்பவர்களுக்கு ஜோசியா லிட்ச் கதையைச் சொல். அமெரிக்காவில், கிறிஸ்துவின் வருகைக்குக் காலம் குறித்த வில்லியம் மில்லரோடு சேர்ந்த மெத்தடிஸ்ட் பிரசங்கி. ஒரு நாளுக்கு ஒரு வருஷம் என்று வைத்தார். 9:5-இல் வெட்டுக்கிளிகள் வதைக்கும் ஐந்து மாதம் 150 வருஷம். 9:15-இன் வருஷம் 360, மாதம் 30, நாள் 1, மணிநேரம் 15 நாள். ஆக 391 வருஷம் 15 நாள். துருக்கிய ஒட்டோமன்கள் பைசாந்தியரோடு மோதிய நாளென்று அவர் கொண்ட 1299 ஜூலை 27-இலிருந்து இரண்டையும் கூட்டி, 1840 ஆகஸ்ட் 11-இல் ஒட்டோமன் ஆட்சி விழும் என்றார். கூட்டல் சரி, அஸ்திபாரம்தான் ஆட்டம். அந்த 1299-ஆம் ஆண்டுச் சண்டையை இன்றைய வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் 1302-இல் வைக்கிறார்கள். தொடக்கத் தேதி பழைய ஜூலியன் நாட்காட்டி, முடிவுத் தேதி இன்றைய கிரிகோரியன்; இடையிலுள்ள நாள் வித்தியாசம் கணக்கிலேயே வரவில்லை. 9:15 வசனமோ தூதர்கள் ஆயத்தமாயிருந்த வேளையைச் சொல்கிறது, ஆட்சிக்கால நீளத்தை அல்ல. சொன்ன நாளில் சுல்தான் ஐரோப்பிய வல்லரசுகளின் கைக்குள் வந்துவிட்டார் என்று ஆதரவாளர்கள் வாதாடினார்கள். சுல்தானகம் ஒழிக்கப்பட்டதோ 1922-இல்.

ராஜாக்கள் கடைசி யுத்தத்துக்குக் கூட்டப்படும் இடமான அர்மகெதோன் ஒரே வசனம் (16:16). கடைசிப் பத்து நிமிஷத்துக்கு வைத்துக்கொள். முன்னால் எடுத்தால் மீதி அதிகாரத்தைக் கேட்க ஆள் இருக்காது. வியாதியஸ்தர் வீட்டுக்கு ஜெபிக்கப் போகிறவர்கள் உன் கூட்டத்தில் இருந்தால், சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேர் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளோ என்று இயேசு கேட்கும் லூக்கா 13:4-ஐயும் அன்றைக்கே வாசித்துவிடு.