மிதக்கும் கரும்புள்ளிகள்

அன்புள்ள சேகருக்கு,

நாளைக் காலையிலேயே தம்பியைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போவதாக நீ போனில் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை முடிந்து 4 மாதம், வீட்டுச் சாப்பாடு சாப்பிடுகிறான் என்று உன் மெயிலில் சந்தோஷமாகப் படித்துக்கொண்டே வந்தேன். கடைசி வரியில் ‘கண் முன்னால் கொசு பறக்கிற மாதிரி இருக்கிறதாம், வறட்சியாக இருக்கும்’ என்றதும் பதறிவிட்டேன். போனில் விட்டுப்போனதை இப்போது எழுதுகிறேன். தம்பியும் படிக்கட்டும்.

எனக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. மகனுடைய, பாதி மட்டுமே பொருந்திய ஸ்டெம் செல்களை ஏற்றி ஐந்தாவது மாதம். வலி இல்லை, சிவப்பு இல்லை. இடது கண்ணில் மட்டும் கரும்புள்ளிகள் மிதந்தன. முதலில் பார்த்தவர் வறட்சி என்று சொட்டு மருந்து கொடுத்தார். மாற்றுக்குப் பிறகு வறட்சி பலருக்கும் வருவதுதான். கொடையாளியின் செல்கள் கண்ணீர்ச் சுரப்பிகளைத் தாக்கும். ஆனால் வறட்சி என்றால் மணல் விழுந்தது போல உறுத்தும், எரியும். எனக்கு உறுத்தலே இல்லை. அதை அழுத்திச் சொல்லத் தெரியாமல் மூன்று வாரத்தைத் தொலைத்தேன் சேகர், இன்னும் ஆறவில்லை.

வந்திருந்தது சைட்டோமெகலோ வைரஸ். நம் ஊரில் பெரும்பாலானோர் உடம்பில் சின்ன வயதிலேயே புகுந்து அடங்கிக் கிடப்பது. மாற்றுக்குப் பிறகு புது எதிர்ப்புச் சக்தி தேறுவதற்குள் தலைதூக்கி விழித்திரையை அரித்துவிடுகிறது. முதல் 100 நாள் ரத்தத்தில் வைரஸ் இருக்கிறதா என்று பிசிஆர் சோதனை பார்த்துக்கொண்டே இருப்பார்கள். கண்ணுக்கு வருவது பெரும்பாலும் அதற்குப் பிறகு, நாம் அசந்திருக்கும் நேரத்தில். அன்று என் ரத்தத்தில் வைரஸே இல்லை. கண்ணுக்குள்ளிருந்து எடுத்த நீரில் இருந்தது. அதனால் ‘பிசிஆர் நெகட்டிவ்’ என்று யாராவது சொன்னால் அதோடு எழுந்து வந்துவிடாதே.

கண்மணியை விரிக்கும் சொட்டு விட்டு, விழித்திரையை ஓரம்வரை பார்க்கச் சொல். இரண்டு கண்ணையும். வைரஸ்தான் என்றால் கான்சிக்ளோவிர் என்ற மருந்தை ரத்தக் குழாயிலும், தேவைப்பட்டால் கண்ணுக்குள்ளும் ஊசியாகப் போடுவார்கள். கண்ணில் ஊசியா என்று தம்பி பயப்படுவான். மரத்துப்போகச் செய்துதான் போடுகிறார்கள். அந்த மருந்து வெள்ளணுக்களைக் குறைக்கும், மாற்று செய்த டாக்டருக்கும் உடனே தகவல் போகட்டும். இன்றிரவு பார்வையில் திரை விழுந்த மாதிரி இருந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம், விழித்திரை பிரிந்திருக்கலாம்.

எனக்கு இடது கண்ணில் ஓரப்பார்வை போனது போனதுதான். நடுப்பார்வை தப்பியது. இதை நானேதான் தட்டச்சு செய்கிறேன்.

பார்த்து முடித்ததும் போன் பண்ணு. எத்தனை மணியானாலும் சரி.

அன்புடன்,
ராஜு