வேட்பாளர்களுக்குச் சமமான ஒளிபரப்பு நேரம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தேர்தல் காலத்தில் ஒளிபரப்பு நேரத்தை எப்படிப் பகிர்வது என்ற விவாதத்தில், அமெரிக்காவின் 1934ஆம் ஆண்டுத் தகவல் தொடர்புச் சட்டத்தின் 315ஆம் பிரிவு அடிக்கடி சுட்டப்படுகிறது. வானொலியோ தொலைக்காட்சியோ ஒரு வேட்பாளருக்கு நேரம் ஒதுக்கினால், அதே பதவிக்குப் போட்டியிடும் மற்றவர்களுக்கும் அதே வாய்ப்பை அளிக்க வேண்டும் என்பதே அதன் சாரம். ஒருவருக்கு இலவசம் என்றால் மற்றவருக்கும் இலவசம். அலைவரிசை பொதுச் சொத்து என்பதால் இதை நியாயமான விதியாகவே கருதுகிறேன்.

1959ஆம் ஆண்டுத் திருத்தம் செய்தி, செய்தி நேர்காணல், நேரடி நிகழ்வு ஒளிபரப்பு ஆகியவற்றுக்கு விலக்கு அளித்தது. இதழியல் சுதந்திரத்துக்கு அந்த விலக்கு தேவைதான். எனினும் உரையாடல் நிகழ்ச்சிகள் பலவும் காலப்போக்கில் அதன் நிழலுக்குள் வந்துவிட்டதால் செய்திக்கும் பிரச்சாரத்துக்கும் இடையிலான கோடு மங்கிவிட்டது.

என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. போட்டியாளர் தோன்றிய 7 நாட்களுக்குள் வேட்பாளரே சம வாய்ப்பைக் கோர வேண்டும்; நிலையம் தான் ஒதுக்கிய நேரத்தை, யாரும் பார்க்கக்கூடிய பொதுக் கோப்பில் பதிவு செய்தால் போதும், எதிர்த்து நிற்பவருக்குத் தகவல் சொல்ல வேண்டிய கடமை இல்லை. எல்லா நிகழ்ச்சிகளையும் கண்காணிக்க ஆட்களை அமர்த்தும் வசதி பெரிய கட்சிக்கு உண்டு; தனித்து நிற்கும் சுயேச்சைக்கு அது எங்கே? உரிமை இருப்பதை அவர் அறிவதற்குள் கெடு முடிந்துவிடுகிறது. இத்தகைய விதியை வகுக்கும் எந்த நாடும், போட்டியாளர்களுக்கு உடனே அறிவிக்கும் பொறுப்பை நிலையத்தின் மீதே சுமத்த வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்