துணி தந்தவர்களுக்கும் ஊசி பிடித்தவர்களுக்கும்

வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கத்து உறவுகளுக்கு வணக்கம்.

திருநங்கையர் தினமான ஏப்ரல் 15 அன்று எங்கள் ஒட்டுத்துணி ஓவியங்களைப் பார்க்க வந்த எல்லோருக்கும் நன்றி. வெளியே பெயர் தெரியாமல் போன நம்மவர்களைத் துணியில் தைத்து வைக்கும் வேலை இது. அளவு மட்டும் கடன் வாங்கியது. எய்ட்ஸில் இறந்தவர்களுக்காக 1987இல் வாஷிங்டனில் விரித்த நினைவுப் போர்வையில் ஒவ்வொரு துண்டும் மூன்றடிக்கு ஆறடி, ஏறக்குறைய ஒரு புதைகுழி அளவு. நாங்களும் அதையே வைத்துக்கொண்டோம்.

முதல் நன்றி குடியாத்தம் சாயப்பட்டறை அண்ணனுக்கு. 1978இல் சான் பிரான்சிஸ்கோவில், இன்று தன்பால் ஈர்ப்பினரும் திருநர்களும் ஏந்தும் வானவில் கொடி உருவானபோது கில்பர்ட் பேக்கர் பெயர்தான் நின்றது. கூடவே நின்று சாயம் ஏற்றிய லின் செகர்ப்லோமை யாருக்குத் தெரியும்? இதைச் சொன்னதும் அண்ணன், "லுங்கி விக்கிறவன் பேருதாம்மா லேபிள்ல இருக்கும், சாயம் போட்டவன் பேரு எங்க இருக்கு?" என்றார். அப்புறம் கூலியே பேசவில்லை. அந்த முதல் கொடியின் எட்டு நிறமும் போட்டுக் கொடுத்தார். ரோஸ் துணி மொத்தமாகக் கிடைக்காமல்தான் அந்த நிறத்தைக் கொடியிலிருந்து எடுத்தார்கள் என்றதும் அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

லீலா, ஊர்மிளா இருவரும் மத்தியப் பிரதேசக் காவல்படையில் இருந்தவர்கள். 1987இல் ஒருவரையொருவர் மணந்துகொண்டதால் வேலை போனது. அவர்களுக்கான காக்கியைத் தந்தவர் போலீஸ் சீருடை தைக்கும் டெய்லர் அக்கா. கதையைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தோள்பட்டிகளுக்கு அவரே காஜா எடுத்துப் பித்தளைப் பொத்தானும் வைத்தார். வந்த பிள்ளைகள் போட்டுக் கழற்றியதில் ஒரு பொத்தான் தொங்குகிறது. தொங்கட்டும், தொட்டுப் பார்க்கத்தானே வைத்தோம்.

தில்லியில் தன்பால் ஈர்ப்பினருக்காக 1991இல் முதல் அறிக்கையைக் கொண்டுவந்த குழுவில் இருந்து, மறு ஆண்டே இறந்துபோன வழக்கறிஞர் சித்தார்த்த கௌதமுக்குத் தன் பழைய கறுப்பு அங்கியைத் தந்த வக்கீல் தம்பிக்கும் நன்றி.

ஒரு துண்டு மட்டும் நர்ஸ் அக்காக்கள் கேட்டுத் தைத்தது: 1986இல் சென்னையில் சேகரித்த ரத்த மாதிரிகளோடு ரயிலேறி நம் வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு வந்த டாக்டர் செல்லப்பன் நிர்மலாவுக்கு. எச்ஐவி இந்தியாவில் இருப்பது அப்படித்தான் தெரியவந்தது. நம் வரிசையில் அவருக்கும் இடம் உண்டு என்று எங்கள் ஜமாத்தின், அதாவது திருநங்கையர் குடும்பத்தின், மூத்தவரான நானி சொன்ன பிறகு வேறு பேச்சில்லை.

விஷயம் தெரிந்ததும் இடம் இல்லை என்ற மண்டபத்தை விடுங்கள். மாடியைத் திறந்துவிட்ட காட்பாடி அம்மாவுக்கும் சுமை ஆட்டோ அண்ணனுக்கும் கடன்பட்டிருக்கிறோம்.

சரி, இரண்டு கத்திரியும் ஒரு டிபன் கேரியரும் எங்களிடமே தங்கிவிட்டன. உரியவர்கள் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.