கோஜி வித்து வாங்குபவர்களுக்கு: பச்சைப் பூசணமும் இனிக்காத அரிசியும்

வணக்கம்.

வெந்த அரிசியில் பூஞ்சையை வளர்த்துச் செய்யும் ஜப்பானிய ஊறல்தான் கோஜி; அதற்குத் தூவும் பூஞ்சை வித்துப் பொடி வாங்கியவர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்பவை இரண்டு. இது நிலக்கடலையில் பிடிக்கும் நச்சுப் பூசணத்துக்குச் சொந்தமா? அரிசி முழுக்க வெள்ளையாகப் படர்ந்தும் ஏன் இனிக்கவில்லை?

சொந்தம்தான், அதுவும் நெருங்கிய சொந்தம். பாக்கெட்டில் இருப்பது அஸ்பர்ஜில்லஸ் ஒரைசே என்ற பூஞ்சை. கடலையிலும் மக்காச்சோளத்திலும் அஃப்லாடாக்சின் என்ற நஞ்சைச் சேர்ப்பது அஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ். ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒரைசேயின் ஆர்ஐபி40 என்ற ரகத்தின் டிஎன்ஏவை முழுதாகப் படித்து, 2005 டிசம்பரில் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். 8 குரோமோசோம்கள், சுமார் 3.7 கோடி டிஎன்ஏ எழுத்துகள், 12 ஆயிரத்துச் சொச்சம் மரபணுக்கள். நஞ்சு தயாரிக்கும் மரபணுக் கூட்டம் இதிலும் உண்டு, ஆனால் பழுதுபட்டு முடங்கிக் கிடக்கிறது. சில ரகங்களில் பாதிக்கு மேல் இல்லவே இல்லை. சோதித்துக் காத்துவரும் ரகத்தை மட்டும் போடச் சொல்வது இதனால்தான். பழைய சோற்றில் தானாக வந்த பூசணத்தையோ, வீட்டில் பச்சை ஏறவிட்டு எடுத்த வித்தையோ போடாதீர்கள். நடுவில் ஃபிளேவஸ் புகுந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது.

இனி இனிப்பு. மாவுச்சத்தை உடைக்கும் ஆல்ஃபா அமைலேஸுக்கு ஆர்ஐபி40இல் மூன்று மரபணுக்கள். இருந்தால் மட்டும் போதாது, இயங்க வேண்டும். குளுக்கோஸாக வெட்டும் நொதிக்கான கிளா-பி என்ற மரபணு, ஈரம் குறைந்த பருக்கையில், சற்றுச் சூட்டில்தான் நன்றாக வேலை செய்கிறது. நீரில் வளர்த்தால் ஏறக்குறைய தூங்கிவிடும். குழைந்த சாதத்தில் தூவிவிட்டு எங்களைத் திட்டுவதில் பயனில்லை!

1 கிலோ பச்சரிசியைக் கழுவி 8 மணி நேரம் ஊறவைத்து, ஒரு மணி நேரமாவது நன்றாக வடியவிடுங்கள். இட்லிப் பானையில் துணி விரித்து 45 முதல் 60 நிமிடம் ஆவியில் வேகட்டும். பருக்கை கையில் ஒட்டக் கூடாது, நசுக்கினால் நடுவில் வெள்ளைக் கரு இருக்கக் கூடாது. 35 டிகிரிக்கு ஆறியதும் 1 கிராம் பொடியைத் தூவிப் பிசறி, ஈரத்துணியால் மூடி 30 டிகிரியில் வையுங்கள்.

18 முதல் 20 மணி நேரத்தில் அரிசி தானாகச் சுடத் தொடங்கும். கட்டிகளை உதிர்த்து, இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பி, நடுவே வரப்பு போல் கோடு கிழியுங்கள். நம் ஊர்க் கோடையில் பாடு சூடேற்றுவதில் அல்ல, தணிப்பதில்தான். 45 டிகிரியைத் தாண்டினால் பூஞ்சை ஒடுங்கி பாக்டீரியா ஏறும். பிசுபிசுப்பும் அமோனியா வாடையும் வந்தால் கொட்டிவிடுங்கள். அமசாக்கே என்ற இனிப்பு அரிசிப் பானத்துக்குக் கடைசிப் பகுதியை 38 முதல் 40 டிகிரியில் நடத்துங்கள். மிசோ என்ற புளித்த சோயா விழுதுக்கு 30 முதல் 35 போதும், புரதம் உடைக்கும் நொதி அந்தச் சூட்டில்தான் கூடும்.

42 முதல் 48 மணி நேரத்தில், மஞ்சள் தட்டும் முன்பே எடுத்துக் குளிர்பெட்டியில் வையுங்கள். அரிசிக்குள் செருகும் வெப்பமானி இல்லாதவர்கள் முதலில் அதை வாங்குங்கள். எங்களிடம் விற்பனைக்கு இல்லை, சமையல் சாமான் கடைகளில் கிடைக்கும்.

இப்படிக்கு,
கடையினர்