தமிழில் பில்: பிரிண்டர் தடையில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

மொத்தக் கடை பில்லில் சரக்கின் பெயரைத் தமிழில் அடித்துத் தரக் கேட்டால், "பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் சார், அதுக்குத் தமிழ் வராது" என்கிறார்கள். விருதுநகரில் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் எழுதித் தருபவன் நான். இந்தப் பதில் தவறு.

பிரிண்டருக்குள் தமிழ் எழுத்துரு இல்லை என்பது உண்மைதான். ஆனால் எழுத்தைப் படமாக அனுப்பலாம். அதற்கான கட்டளைகளை எப்சன் நிறுவனம் 1980-களிலேயே வகுத்துவிட்டது. கார்பன் நகலுக்காக மண்டிகளில் இன்றும் ஓடும், 24 பின்கள் (புள்ளி குத்தும் ஊசிகள்) கொண்ட பிரிண்டர்களில் பெரும்பாலானவை அவற்றை ஏற்கும்.

27, 42, 39 என்று மூன்று எண்களை அனுப்பினால், அடுத்து வருவது எழுத்தல்ல, புள்ளிகள் என்று பிரிண்டர் எடுத்துக்கொள்ளும். பிறகு எத்தனை நெடுவரிசை என்று சொல்ல வேண்டும். 'துவரம் பருப்பு' என்பதற்கு இரண்டு அங்குலம் ஒதுக்கினால், அங்குலத்துக்கு 180 வீதம் 360 நெடுவரிசை. அதை 104, 1 என்று அனுப்ப வேண்டும். இரண்டாவது எண்ணில் ஒவ்வொன்றுக்கும் மதிப்பு 256; அதோடு 104 சேர்ந்தால் 360. அப்புறம் நெடுவரிசைக்கு மூன்று பைட்டாக 1080 பைட். ஒரு பைட்டில் எட்டு பிட்; 1 ஆக இருக்கும் ஒவ்வொரு பிட்டும் ஒரு பின்னை அடிக்க வைக்கும். மேலே மெய்யெழுத்தின் புள்ளி, கீழே உகரச் சுழி எல்லாம் அச்சு ஹெட்டின் ஒரே ஓட்டத்தில் அடங்கிவிடும். பழைய 9 பின் பிரிண்டரில் ஓட்டத்துக்கு எட்டுப் புள்ளிதான். அதில் வரி இடைவெளியைக் குறைத்து இரண்டு ஓட்டமாக அடிக்க வேண்டும்.

பலர் கைவிடுவது பைட் கணக்கில்தான். ஒரு பைட் குறைந்தாலும் அடுத்து வரும் எடையின் முதல் இலக்கத்தைப் பிரிண்டர் புள்ளியாக விழுங்கிவிடும். சில நிரல்கள் இடையில் வரும் 26 என்ற பைட்டைக் கோப்பின் முடிவு என்று நினைத்து நிறுத்திவிடும். பொறுமையாகப் பார்த்தால் இரண்டும் சரியாகிவிடும்.

படமாக அடித்தால் வேகம் குறையும் என்பார்கள். குறையும்தான். ஆனால் முழு பில்லையும் படமாக்கத் தேவையில்லை. பெயர் முடிந்த இடத்திலிருந்து, அதே வரியில், எடையும் விலையும் வழக்கமான எழுத்திலேயே தொடரும்.

ஒரு மண்டியில் கண்டது இது. கிராமத்தில் பெட்டிக்கடை வைத்திருக்கும் அம்மா ஒருவர், 'டி.டால்', 'யு.டால்' என்று ஆங்கிலத்தில் அடித்த பில்லைக் கடைப் பையனிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். அவன் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு வரிக்கும் எதிரே பென்சிலால் துவரை, உளுந்து என்று எழுதிக்கொண்டார். பணம் கொடுத்து வாங்குகிறவர் தன் பில்லைத் தானே படிக்க முடியாமல் நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை.

கூட்டுறவுப் பண்டகசாலைகளுக்கு பில்லிங் மென்பொருள் வாங்கும்போது, சரக்குப் பெயர் தமிழில் வர வேண்டும் என்பதை அரசு ஒப்பந்த நிபந்தனையாகவே சேர்க்க வேண்டும். கடைக்காரர்களும் தங்கள் மென்பொருள்காரரிடம், பெயரை மட்டும் படமாக அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அதற்காகப் புது பிரிண்டர் வாங்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

— ஒரு வாசகர், விருதுநகர்